தெருமுனைப் பிள்ளையாரும் பிக்காச்சுவும்: அக்கம்பக்கத்தில் நடந்து ஆடும் மொபைல் விளையாட்டு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாயங்காலம் ஆறு மணிக்கு மாநகராட்சிப் பூங்கா வாசலில் நின்று போனைத் தேய்த்துக்கொண்டிருக்கும் நாற்பது வயது ஆளைப் பார்த்தால் யாருக்கும் நாலு கேள்வி தோன்றும். நடைப்பயிற்சிக்கு வரும் பெரியவர்கள், அபார்ட்மென்ட் வாட்ச்மேன், அக்கா பையன், அவன் நண்பர்களின் அம்மாக்கள் என்று எல்லாருக்கும் ஒரே பதிலைத் திருப்பித் திருப்பிச் சொல்லி அலுத்துவிட்டது. எழுதி வைத்துவிட்டால் இதை அனுப்பிவிட்டு நான் பாட்டுக்கு ரெய்டுக்குப் போகலாம். நான் அதிகம் ஆடுவது போக்கிமான் கோ. இருப்பது சென்னையின் தெற்குப் புறநகர். பதில்களும் அங்கிருந்துதான் வருகின்றன.

அப்படி என்னதான் விளையாட்டு இது?

போனில் ஒரு வரைபடம் விரியும். நீங்கள் நிற்கும் அதே தெருதான் அதில் இருக்கும். நீங்கள் நடந்தால் திரையில் உள்ள பொம்மையும் நடக்கும், நின்றால் நிற்கும். வழியில் போக்கிமான்கள் எனும் கற்பனைப் பிராணிகள் முளைக்கும். விரலால் பந்தைச் சுண்டிப் பிடிக்க வேண்டும். பந்து தீர்ந்துபோனால் ‘போக்கிஸ்டாப்’ இருக்கும் இடம்வரை நடக்க வேண்டும். போக்கிஸ்டாப் என்பது நிஜத்தில் ஒரு கோவிலாக, சிலையாக, பூங்காவாக, சுவரோவியமாக இருக்கும். ‘ஜிம்’ என்பதும் அப்படிப்பட்ட ஓர் இடம்தான். அங்கே உங்கள் போக்கிமானைக் காவலுக்கு நிறுத்தலாம். சில நேரம் பெரிய போக்கிமான் ஒன்று ஜிம்மில் வந்து உட்காரும், அதைப் பலர் கூடி அடிப்பதற்குப் பெயர் ரெய்டு.

போக்கிஸ்டாப்பைத் தொட நீங்கள் அதிலிருந்து 80 மீட்டருக்குள் இருந்தால் போதும். முதலில் இது 40 மீட்டர். 2020இல் கொரோனாவுக்காக இரட்டிப்பாக்கினார்கள், 2021 ஆகஸ்டில் சில நாடுகளில் பழையபடி குறைத்தார்கள். உலகம் முழுக்க ஆட்டக்காரர்கள் கொதித்ததும் அதே மாதம் 80க்கே திரும்பினார்கள். நம் ஊரில் இந்த 40 மீட்டர் வித்தியாசத்தின் அருமை சாலையைக் கடக்க வேண்டியவனுக்குத்தான் தெரியும்.

ஏஆர் என்றால் கேமராவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டுமா?

வேண்டாம். ஏஆர் என்பது மிகுமெய், அதாவது கேமராவில் தெரியும் நிஜத் தெருவில் போக்கிமான் நிற்பதுபோல் காட்டுவது. அந்தப் பெயரில்தான் விளையாட்டு பிரபலமானது. ஆனால் நெடுநாள் ஆடுபவர்கள் முதல் வாரத்திலேயே அந்தக் கேமராவை அணைத்துவிடுவார்கள். பேட்டரி மிச்சம், பந்து வீசுவதும் எளிது. விலை குறைந்த போன்கள் பலவற்றில் போன் திரும்புவதை உணரும் கைரோஸ்கோப் கிடையாது, அவற்றில் ஏஆர் வேலையும் செய்யாது. அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. பாட்டியின் தோளில் பிக்காச்சு உட்கார்ந்திருப்பதுபோல் ஒரு படம் எடுத்து குடும்ப வாட்ஸ்அப்பில் போடுவதற்கு மட்டும் அது தேவைப்படும்.

எதில் தொடங்கலாம்?

கூட ஆட ஆள் வேண்டுமென்றால் போக்கிமான் கோ. சண்டையில் விருப்பமில்லை, நடந்ததற்குக் கணக்கு இருந்தால் போதும் என்றால் 2021இல் வந்த பிக்மின் ப்ளூம். நீங்கள் நடந்த பாதையில் பூ பூக்கும், அவ்வளவுதான். அம்மாக்களுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன். 2023 செப்டம்பரில் வந்த மான்ஸ்டர் ஹன்டர் நவ்வில் ஒவ்வொரு வேட்டையும் 75 விநாடிதான், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்துக்குச் சரியாக இருக்கும். எல்லாவற்றுக்கும் மூத்தது இன்கிரஸ், 2012இல் வந்தது. பச்சை அணி, நீல அணி என்று இரண்டே கட்சி. மூன்று இடங்களைப் பிடித்துக் கோடு இழுத்தால் நடுவில் உள்ள நிலப்பரப்பு உங்கள் அணிக்கு. இதன் பைத்தியம் பிடித்தவர்கள் ஒரு கோட்டுக்காக ராத்திரி ஊர் விட்டு ஊர் போவார்கள்.

பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஹாரி பாட்டர் விளையாட்டு 2019இல் வந்து 2022 ஜனவரியோடு போய்விட்டது. மைன்கிராஃப்ட் எர்த் 2021 ஜூனில் மூடப்பட்டது. போக்கிமான் கோவை உருவாக்கிய நயான்டிக்கும் 2025இல் தன் விளையாட்டுப் பிரிவை ஸ்கோப்லி நிறுவனத்துக்கு 350 கோடி டாலருக்கு விற்றுவிட்டது. இன்கிரஸ் நயான்டிக்கிலிருந்து பிரிந்த நயான்டிக் ஸ்பேஷியலிடம் தங்கியது.

இந்தியாவில் எப்போது வந்தது?

2016 ஜூலையில் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் வெளிவந்தது. இங்கே முறைப்படி வந்தது அதே ஆண்டு டிசம்பர் மத்தியில், ஜியோவோடு கூட்டு வைத்து. ரிலையன்ஸ் டிஜிட்டல் கடைகள் எல்லாம் போக்கிஸ்டாப்பும் ஜிம்மும் ஆயின. சென்னைக்காரர்களுக்கு அந்த வாரம் மறக்காது. டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல். கரண்ட் இல்லை, டவர் இல்லை, தெருவெங்கும் சாய்ந்த மரங்கள். நாடே போக்கிமான் பிடித்துக்கொண்டிருந்தபோது நாங்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் லாரி பிடித்துக்கொண்டிருந்தோம்.

எங்கள் ஏரியாவில் ஒன்றுமே இல்லை. மெரினா பக்கம் போனால் கொட்டிக் கிடக்கிறது. ஏன் இந்த ஓரவஞ்சனை?

இதுதான் அதிகம் வரும் கேள்வி. கம்பெனி யாரையும் அனுப்பி உங்கள் தெருவைப் பார்க்கவில்லை. இன்கிரஸ் ஆடியவர்கள் 2012 முதல் தங்கள் ஊரில் உள்ள சிலைகளையும் கோவில்களையும் படம் எடுத்து அனுப்பினார்கள். அந்தப் பட்டியல்தான் போக்கிமான் கோவின் அடித்தளம். ஆக, யார் எங்கே குடியிருந்தார்களோ, எங்கே வேலைக்குப் போனார்களோ அங்கே புள்ளிகள் நிறைந்தன. கல்லூரி, ஐடி வளாகம், கடற்கரை எல்லாம் பணக்கார ஏரியா ஆனது அப்படித்தான். புறநகரும் கிராமமும் வெறிச்சென்று கிடக்கின்றன.

மெரினாவுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1968 ஜனவரியில் சென்னையில் நடந்த இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டிக் கடற்கரைச் சாலையில் வரிசையாகச் சிலைகள் வைத்தார்கள். வள்ளுவர், ஔவையார், கம்பர், இளங்கோ, பாரதியார், பாரதிதாசன், வீரமாமுனிவர், கால்டுவெல், ஜி.யு. போப், கண்ணகி. அதற்கு முன்பே 1959இல் உழைப்பாளர் சிலை வந்துவிட்டது. இந்த மாதிரி விளையாட்டுக்கென்றே அளவெடுத்துச் செய்ததுபோன்ற சாலை. ஔவையார் பக்கத்தில் நின்று போக்கிமான் முட்டை வாங்குவோம் என்று 1968இல் யார் நினைத்திருப்பார்கள்!

இதிலும் ஒரு வரம்பு உண்டு. விளையாட்டு உலகத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 70 மீட்டர் பக்கம் உள்ளது. ஒரு கட்டத்துக்கு ஒரு போக்கிஸ்டாப்தான். ஒரே கட்டத்தில் நாலு சன்னதி இருந்தாலும் ஒன்றுதான் தெரியும், மற்றவை இன்கிரஸில் மட்டும் தெரியலாம். ஜிம் உருவாவதற்குத் தனிக் கணக்கு. அரை கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான பெரிய கட்டம் ஒன்றில் இரண்டாவது இடம் சேரும்போது ஒரு ஜிம், ஆறாவதில் இரண்டாவது, இருபதாவதில் மூன்றாவது. இதெல்லாம் ஆட்டக்காரர்களே தோண்டித் துருவிக் கண்டுபிடித்தது.

அப்போ எங்கள் தெருவை நாங்களே சேர்க்கலாமா?

சேர்க்கலாம். சேர்க்கத்தான் வேண்டும். ஓரளவு லெவல் ஏறியதும் விளையாட்டுக்குள்ளேயே புதிய இடத்தைப் பரிந்துரைக்கும் வசதி திறக்கும். இடத்தின் படம் ஒன்று, சுற்றுப்புறம் தெரியும் படம் ஒன்று, பெயர், நாலு வரி விவரம். அதை வேஃபேரர் என்ற தளத்தில் மற்ற ஆட்டக்காரர்கள் பார்த்து வாக்களிப்பார்கள். அவர்கள் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: சுற்றிப் பார்க்கவோ, உடற்பயிற்சி செய்யவோ, மனிதர்கள் கூடவோ இது நல்ல இடமா?

என் கதையைச் சொல்கிறேன். எங்கள் தெருமுனையில் ஒரு பிள்ளையார், எட்டடிக்கு எட்டடிக் கோவில். முதல் தடவை ‘நல்ல கோவில்’ என்று எழுதி அனுப்பினேன், தள்ளுபடி. படத்தில் பூசாரியின் ஸ்கூட்டர் நம்பர் பிளேட்டோடு நின்றது. நம்பர் பிளேட், ஆள் முகம் இரண்டும் இருக்கக் கூடாது. இரண்டாம் தடவை படம் பளிச்சென்று எடுத்தேன், ஆனால் சுற்றுப்புறப் படத்திலும் கோவிலையே நெருக்கமாக எடுத்துவிட்டேன். எங்கோ இருந்து வாக்களிப்பவருக்கு இது எந்தத் தெரு என்று எப்படித் தெரியும்? மூன்றாவது தடவை தெருப் பெயர்ப் பலகை, எதிரே உள்ள டிரான்ஸ்ஃபார்மர், கோவில் மூன்றும் ஒரே படத்தில் வரும்படி எதிர்ச்சாரியில் நின்று எடுத்தேன். கோவில் எப்போது கட்டியது என்று பூசாரியிடம் கேட்டுத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினேன். ஏற்றுக்கொண்டார்கள். பதினைந்து வருடமாக அந்தக் கோவிலைக் கடந்து பால் வாங்கப் போயிருக்கிறேன். அதைக் கட்டியது பக்கத்துத் தெரு அயர்ன்காரரின் தாத்தா என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நம் தெருக்களில் தேறக்கூடியவை: கிளை நூலகம், பூங்காவில் உள்ள உடற்பயிற்சிக் கருவிகள், ஷட்டில் கோர்ட், கல்வெட்டு, மாநகராட்சிச் சுவரோவியம், ஊரே கூடும் பழைய டீக்கடை. அரசமரம் மட்டும் என்றால் கஷ்டம், மரத்தடியில் நாகர் சிலை இருந்தால் வாய்ப்பு உண்டு. ஏரியும் அப்படித்தான், வெறும் தண்ணீருக்கு மதிப்பில்லை. கரையில் ஏரியின் பெயரோடு நிற்கும் பலகை இருந்தால் அதைப் படம் எடுங்கள்.

தேறாதவை: யாருடைய வீடும், பள்ளிக்கூடமும், அங்கன்வாடியும். ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் வழி மறிக்கும் இடங்கள். விநாயகர் சதுர்த்திப் பந்தல் போலப் பத்து நாளில் பிரிப்பவை. அப்புறம் ரவுண்டானா நடுவில் கம்பிக் கூண்டுக்குள் நிற்கும் தலைவர் சிலை. நடந்து போய்ப் பத்திரமாக நிற்க வழி இருக்க வேண்டும் என்பது விதி, நம் ஊர்த் தலைவர்கள் பாதிப் பேர் இதில்தான் அடிபடுகிறார்கள்.

பதில் வர நாட்களும் ஆகும், மாதங்களும் ஆகும். அனுப்பிவிட்டு மறந்துவிடுங்கள்.

ஒரு துணைக் குறிப்பு. 2017 டிசம்பரிலிருந்து போக்கிமான் கோவின் வரைபடம் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து வருகிறது. அதை யாரும் திருத்தலாம். எங்கள் பூங்கா அதில் வெற்று நிலமாகக் கிடந்தது. இருப்பதை வரையுங்கள். போக்கிமான் வரும் என்ற ஆசையில் இல்லாத பூங்காவை வரைந்தவர்கள் உண்டு, அந்த வரைபடத்தை நம்பி வேறு எத்தனையோ பேர் வழி தேடுகிறார்கள்.

கோவிலுக்குள் ஆடலாமா?

கூடாது. தமிழ்நாட்டில் கோவில்களுக்குள் செல்போனுக்கே தடை விதிக்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. சண்டை இன்னும் பழையது: 2016இல், விளையாட்டு இங்கே முறைப்படி வரும் முன்பே, கோவில்களில் முட்டை கிடைப்பது மனத்தைப் புண்படுத்துகிறது என்று குஜராத் உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு போட்டார்கள். நயான்டிக்குக்கு நோட்டீஸும் போனது. இந்தப் போக்கிமான் முட்டையை யாரும் சாப்பிடுவதில்லை, இரண்டு, ஐந்து, பத்து கிலோமீட்டர் நடந்து பொரிக்க வேண்டும். ஆனாலும் அந்த வருத்தம் எனக்குப் புரியாமல் இல்லை. அதே ஆண்டு வாஷிங்டனில் உள்ள யூத இனப்படுகொலை நினைவு அருங்காட்சியகமும் இங்கே ஆடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டது.

நடைமுறையில் 80 மீட்டர் இருக்கிறதே. சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்து, செருப்பு விடும் இடத்தைத் தாண்டி நின்று திரையில் போக்கிஸ்டாப்பைச் சுழற்றுங்கள். மசூதி, தேவாலயம், சுடுகாடு எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

நான் சும்மா உட்கார்ந்திருக்கிறேன், பொம்மை மட்டும் ஓடுகிறதே?

ஜிபிஎஸ் தள்ளாட்டம். செயற்கைக்கோள்கள் சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. திறந்த வானத்தின் கீழ் போன் உங்கள் இடத்தை ஐந்து மீட்டர் அளவுக்குச் சொல்லிவிடும். வீட்டுக்குள்ளும் உயர்ந்த கட்டடங்களுக்கு இடையிலும் சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி வரும், போன் அந்தச் சுற்றுவழியையும் தூரமாக எண்ணிக் குழம்பும். மேம்பாலத்துக்குக் கீழே நின்றால் சில சமயம் அடுத்த தெருவிலேயே நிற்பீர்கள். மொட்டைமாடிக்குப் போனால் சரியாகும். வைஃபை இணைப்பு இல்லாவிட்டாலும் வைஃபையை ஆன் செய்து வைத்தால் கொஞ்சம் நிலைக்கும்.

பைக்கில் போய்க்கொண்டே?

வேண்டாம். வேகமாகப் போனால் விளையாட்டே பாதியை முடக்கிவிடும், ‘நான் பயணிதான்’ என்று அழுத்தச் சொல்லும். வண்டி ஓட்டிக்கொண்டு கையில் போன் வைத்திருப்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவில் குற்றம். 2016 ஆகஸ்டில் ஜப்பானில், ஆடிக்கொண்டே வண்டி ஓட்டியவர் மோதி ஒரு பெண் இறந்தார். பின்சீட்டில் உட்கார்ந்து ஆடுங்கள்.

கம்யூனிட்டி டே மதியம் இரண்டு முதல் ஐந்து மணி வரையாமே?

ஆமாம், உள்ளூர் நேரப்படி. ஏதாவது ஒரு போக்கிமான் எங்கு பார்த்தாலும் முளைக்கும் சிறப்பு நாள் அது. மே மாதத்துச் சென்னையில் மதியம் இரண்டு மணி என்றால் என்ன என்று தெரிந்த யாரும் இந்த நேரத்தை முடிவு செய்யவில்லை என்பது என் துணிபு. நிழல் உள்ள பூங்காவாகப் பார்த்து, தொப்பி, தண்ணீர் பாட்டில், பவர் பேங்க்கோடு போங்கள். திரை, ஜிபிஎஸ், டேட்டா மூன்றும் சேர்ந்து ஓடுவதால் பேட்டரி கரையும், வெயிலில் போனும் சுடும். ஐந்து நிமிடம் அணைத்து வைத்தால் இருவருக்கும் நல்லது. நான் கடைசி ஒரு மணி நேரத்துக்குத்தான் கிளம்புவேன். அதற்கு மாறாகப் புதன்கிழமை மாலை ஆறு முதல் ஏழு வரையான ரெய்டு நேரம் நமக்கென்றே வைத்ததுபோல் இருக்கும்.

பெண்கள், ராத்திரி நேரம், தெருநாய்?

மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டது என் அக்கா. ராத்திரி வெளிச்சமில்லாத இடத்தில் ஒரு போக்கிமானும் அவ்வளவு முக்கியமில்லை. அக்கா பூங்காவுக்குள்ளும் கடைத் தெருவிலும் மட்டும் ஆடுகிறாள். காதில் ஹெட்போன் மாட்டுவதில்லை. ரெய்டுக்கு வாட்ஸ்அப் குழுவில் சொல்லிவிட்டு நாலு பேராகப் போவார்கள். நாய்க்கு என் அனுபவம்: திரையைப் பார்த்துக்கொண்டே அதன் வாலை மிதிக்காதவரை பிரச்சினை இல்லை. நான் ஒரு தடவை மிதித்தேன். அன்று என் நடைக் கணக்கு பிரமாதம்.

காசு போடாமல் ஆட முடியுமா?

தாராளமாக. தினம் ஒரு ரெய்டு பாஸ் இலவசம். உங்கள் போக்கிமான் ஜிம்மில் காவல் நின்றால் பத்து நிமிடத்துக்கு ஒரு காயின் (விளையாட்டுக்குள் செலவழிக்கும் காசு), நாளுக்கு 50 வரை. ஆனால் எதிர் அணிக்காரர் யாராவது அதை அடித்து விரட்டினால்தான் காயின் கைக்கு வரும். எங்கள் ஏரியா போல ஆளில்லாத இடத்தில் பத்து நாள் நின்றாலும் திரும்பி வரும்போது அதே 50தான். அப்படி ஒருவரோடு பேசி வைத்துக்கொள்வது உத்தமம்.

ஃபேக் ஜிபிஎஸ் போட்டு, வேறு எங்கோ இருப்பதாகக் காட்டி, வீட்டிலிருந்தே…

முதல் தடவை பிடிபட்டால் ஏழு நாள் எச்சரிக்கை, இரண்டாவது 30 நாள் தடை, மூன்றாவது நிரந்தரம். அதோடு, வீட்டிலேயே உட்கார்ந்து ஆடத்தான் ஆயிரம் விளையாட்டு இருக்கிறதே?

குழந்தைகள் ஆடலாமா? நாம் எங்கே போகிறோம் என்று கம்பெனிக்குத் தெரியாதா?

தெரியும். இருப்பிடம் இல்லாமல் விளையாட்டே இல்லை. செயலி மூடியிருக்கும்போதும் நடையை எண்ணும் ‘அட்வென்ச்சர் சின்க்’ வேண்டாமென்றால் அணைத்துவிடலாம். இடங்களைச் சுற்றி வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லும் ஏஆர் ஸ்கேன் வேலை ஒன்றும் உண்டு. அப்படி ஆட்டக்காரர்கள் அனுப்பியவற்றை வைத்து உலகின் முப்பரிமாண மாதிரி ஒன்றைக் கட்டுவதாக நயான்டிக் 2024 நவம்பரில் அறிவித்தது. அது கட்டாயம் இல்லை, நான் செய்வதில்லை. வீட்டு வாசலில் செய்யவே செய்யாதீர்கள்.

குழந்தைக்கு அதன் வயதைச் சொல்லித் தனிக் கணக்கு தொடங்குங்கள். கூடவே நடங்கள். அக்கா பையனுக்கு எங்கள் விதி ஒன்றே ஒன்று: நடக்கும்போது போன் பாக்கெட்டில், நின்ற பிறகு கையில்.

நடந்தால் உடம்பு குறையுமா?

அவசரப்படாதீர்கள். 2016இல் மைக்ரோசாஃப்ட், ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் பார்த்ததில், மும்முரமாக ஆடியவர்கள் நாளுக்குச் சராசரியாக 1,473 அடிகள் கூடுதலாக நடந்தார்கள். அதே ஆண்டு பிஎம்ஜே இதழில் வந்த ஆய்வில் முதல் வாரம் 955 அடி கூடி, ஆறாவது வாரத்தில் பழைய நிலைக்கே வந்துவிட்டார்கள். இரண்டும் என் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. தெருவில் கூட்டாளி இருந்தால் முதல் ஆய்வு, தனியாக ஆடினால் இரண்டாவது. பூங்கா வாசல் பஜ்ஜிக் கடையை எந்த ஆய்விலும் கணக்கில் எடுக்கவில்லை.

வாட்ச்மேனோ போலீஸோ கேட்டால் என்ன சொல்வது?

திரையைக் காட்டிவிடுங்கள். ‘சார், கேம் ஆடறேன்’ என்று சொல்லிப் போக்கிமானைக் காட்டினால் பெரும்பாலும் சிரித்துவிட்டுப் போவார்கள். பரிந்துரைக்காகப் படம் எடுக்கும்போதுதான் சந்தேகம் வரும், அதனால் அடுத்த வீட்டு ஜன்னல் படத்தில் விழாமல் எடுங்கள். ராணுவப் பகுதி, காவல் நிலையம் பக்கம் கேமராவைத் தூக்கவே வேண்டாம். எங்கள் வாட்ச்மேன் அண்ணன் முதலில் என்னை உளவாளி மாதிரி பார்த்தார். இப்போது ‘சார், உங்க செட்டு ரெண்டு பேர் பார்க்குக்குள்ள போனாங்க’ என்று தகவல் தருகிறார்.

தெருவில் ஒருவர் ஆடுகிறார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? போய்ப் பேசலாமா?

போனில் கட்டைவிரல் கீழிருந்து மேலே சுண்டிக்கொண்டே இருந்தால் பிடித்துக்கொண்டிருக்கிறார். படபடவென்று தட்டினால் ரெய்டு, இரண்டு நிமிடம் பொறுங்கள். முடிந்ததும் ‘எந்த டீம்?’ என்று கேளுங்கள். நீலம் என்றால் மிஸ்டிக், சிவப்பு என்றால் வேலர், மஞ்சள் என்றால் இன்ஸ்டிங்க்ட். மஞ்சள் என்று சொன்னால் கொஞ்சம் பரிவோடு பேசுங்கள், எங்கள் எண்ணிக்கை எப்போதுமே குறைவு.